லாக்வுட் கடையின் பழைய ருசி

கடை வாசலில் வரிசையே இல்லை. பெர்னார்ட் டிக்ஸனுக்கு முதல் சந்தேகம் அங்கேதான் எழுந்தது.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு லாக்வுட் மீன்கடையின் வரிசை துறைமுகச் சாலையைத் தாண்டித் தேவாலயப் படிவரை நிற்கும். அவர் மனைவி மேவிஸ் அப்படித்தான் சொல்வாள். ஏழு நிமிட நடையில் இருக்கும் கடைக்கு நாலே முக்காலுக்குக் கிளம்பி, ஆறு மணிக்கு மேல்தான் திரும்புவாள். கையில் துண்டு சுற்றிய பொட்டலமும் முகத்தில் கடற்காற்றின் சிவப்புமாக, "என்ன கூட்டம், பெர்னார்ட்!" என்றபடி கோட்டைக் கழற்றுவாள்.

இருபத்திரண்டு வருடங்களாக இதுதான் ஏற்பாடு. வாங்கி வருவது மேவிஸ். தட்டுகளை அடுப்பில் சூடாக்குவது, ரொட்டியில் வெண்ணெய் தடவுவது, தேநீர் போடுவது பெர்னார்ட். ரயில்வேயில் சிக்னல் பார்த்த காலத்தில், அவர் வீடு திரும்ப நேரமாகும் என்பதால் ஏற்பட்ட வழக்கம். வேலை ஓய்ந்தும் வழக்கம் ஓயவில்லை. இந்த மார்ச்சில் மேவிஸின் வலது முழங்காலை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வைத்தார்கள். இனி சில மாதங்களுக்கு மீன் வாங்கும் வேலையும் பெர்னார்டுக்கு வந்து சேர்ந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். நான்கு பேர் இருந்தார்கள். அதில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

டெரெக் லாக்வுட் மீன் பொரிக்கும் கொழுப்புச் சட்டிகளைப் பார்த்தபடி, கடைக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தான். கடையை ஆரம்பித்த ஹேரல்டின் மகன். ஐம்பத்தைந்து வயதில் முப்பத்தைந்து வருடம் இப்படியே நின்றவன். ஊரில் பாதிப் பேருக்கு அவன் முதுகுதான் அடையாளம். கவுண்டரில் பொட்டலம் கட்டும் பெண்கள் கோடைக்கு ஒருத்தியாக மாறிக்கொண்டிருப்பார்கள்.

"ரெண்டு ஹாடக் மீன், ரெண்டு சிப்ஸ், ஒரு மசிச்ச பட்டாணி" என்றார் பெர்னார்ட்.

குரலைக் கேட்டு டெரெக் திரும்பினான். "அடடே, பெர்னார்ட்! உங்களைக் கடைக்குள்ள பார்த்து எத்தனை வருஷமாச்சு!"

"மேவிஸுக்கு முழங்கால். அதான் நான்."

"நம்ம கடையைப் பத்தி கிளப்புல நீங்க பேசுறதெல்லாம் என் காதுக்கு வந்துகிட்டேதான் இருக்கு" என்று சொல்லி, உருளைக்கிழங்குச் சிப்ஸை இன்னொரு கரண்டி அள்ளிப் போட்டான் டெரெக்.

வீட்டில் தட்டுகள் சூடாக இருந்தன. பெர்னார்ட் ரேடியோவை நிறுத்தினார். முள்கரண்டியைக் குத்தும்போது மேல்மாவு மொறுக்கென்று உடையும் சத்தத்துக்காகவே வெள்ளிக்கிழமைகளில் அவர் ரேடியோவை நிறுத்திவிடுவார். இன்று சத்தம் வரவில்லை. நனைந்த கம்பளிக்குள் இறங்குவதுபோல் முள்கரண்டி சத்தமில்லாமல் இறங்கியது.

ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய் சாப்பிட்டார். முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"மேவிஸ், இது லாக்வுட் மீனே இல்லை."

"லாக்வுட்லதானே வாங்கினே?"

"வேற எங்க வாங்குவேன்?"

"அப்ப அது லாக்வுட் மீன்தான்" என்றாள் மேவிஸ், தன் தட்டைவிட்டுப் பார்வையை எடுக்காமல். "வினிகரைக் கொஞ்சம் தாராளமா ஊத்திக்கோ."

அடுத்த வெள்ளிக்கிழமை டெரெக் தானாகவே திரும்பிக் கேட்டான். "போன வாரம் எப்படி இருந்துச்சு?"

ஸ்கெல்பி ஊரில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. லாக்வுட் கடை மீனின் முள் குத்தி ஈறு கிழிந்த ஒருவர், கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டே அந்தப் பதிலைச் சொன்னதாகக் கேள்வி.

"அருமை" என்றார் பெர்னார்ட்.

டெரெக்குக்கு முகமெல்லாம் மலர்ந்தது. ஒரு ஹாடக் துண்டை அதிகமாகவே வைத்துக் கட்டினான். வேண்டாம் என்று சொல்வது மரியாதையில்லை. வாங்கிக்கொண்டு வந்து, பிடிக்காத மீனை அன்று ஒன்றரை மடங்கு சாப்பிட்டார் பெர்னார்ட். மூன்றாம் வாரம் மறுபடி "அருமை" சொல்ல வேண்டிவந்தது. துண்டு இன்னும் பெரிதாயிற்று. நான்காம் வாரம் மீனின் வால் பொட்டலத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"இப்படியே போனா திமிங்கிலம் வந்துடும்" என்றாள் மேவிஸ்.

"சிரிக்காதே. எதையோ மாத்திட்டான் அந்தப் பய. அவங்க அப்பன் போட்ட மீனா இது? வரிசை எங்க போச்சு சொல்லு. நீ போறப்ப தேவாலயம் வரைக்கும் நின்ன கூட்டம், நான் போறப்ப நாலு பேரு. ஊருக்கே தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் கடைசியாத் தெரிஞ்சிருக்கு. கடிதாசு எழுதப்போறேன்."

மேவிஸ் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். "வேண்டாம் பெர்னார்ட். குப்பைத்தொட்டியைப் பத்தி கவுன்சிலுக்கு எழுதேன். எழுதணும்னா ஊர்ல எவ்வளவோ இருக்கு."

"பேரைப் போடமாட்டேன்."

"அது இன்னும் மோசம். வெள்ளிக்கிழமை நாம வேற ஏதாவது சாப்பிட்டா என்ன? முட்டையும் சிப்ஸும் நான் வீட்டுலயே பண்ணுவேனே. உட்கார்ந்துகிட்டே பண்ணிடலாம்."

வீட்டை விற்றுவிடலாம் என்று சொன்னவளைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தார் பெர்னார்ட்.

அவர் அப்படிப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. அறுபத்தொன்பதாம் வருடம், ஏப்ரலில், இருவரும் முதல்முதலாகச் சேர்ந்து வெளியே போன மாலை. சினிமாவுக்கு டிக்கெட் கிடைக்காமல் துறைமுகத்துச் சுவரில் ஏறி உட்கார்ந்தார்கள். நடுவில் லாக்வுட் கடைப் பொட்டலம் ஒன்று, மர முள்கரண்டி இரண்டு. ஹேரல்ட் லாக்வுட் அவர்களைப் பார்த்ததும் தானாகவே, சட்டியில் உதிர்ந்த மாவுப்பொரியில் ஒரு பிடியை மேலே தூவிக் கொடுத்திருந்தார். காற்றில் காகிதம் பறந்துவிடாதபடி இருவரும் ஆளுக்கொரு ஓரத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். கடைசிச் சிப்ஸை யார் எடுப்பது என்று வெகுநேரம் பேசினார்கள். அதற்குள் அது ஆறிப்போய்விட்டது. அதன்பிறகு எந்த ஊருக்குப் போனாலும் பெர்னார்ட் வேறு கடை மீனைத் தொட்டதில்லை. தேனிலவுக்குப் போன இடத்தில்கூட ஒரு வாரம் பன்றி இறைச்சி சாப்பிட்டே சமாளித்தார்.

கடிதம் எழுதினார். "ஐயா, தங்கள் கடையின் நெடுநாளைய அபிமானி என்ற முறையில் மிகுந்த தயக்கத்துடன் எழுதுவது" என்று தொடங்கி மூன்றரைப் பக்கம் போயிற்று. அதில் புகார் ஒரே ஒரு வரி. அது அடைப்புக்குறிக்குள் இருந்தது. கீழே, "உண்மையுள்ள, ஒரு நண்பர்."

அடுத்த வெள்ளிக்கிழமை டெரெக் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கவுண்டருக்கு வெளியே நின்றிருந்தான். அவன் கவுண்டருக்கு வெளியே நின்று யாரும் பார்த்ததில்லை.

"பெர்னார்ட், இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க."

பெர்னார்ட் தான் எழுதியதைத் தானே ஒருமுறை நிதானமாகப் படித்தார். இரண்டாம் பக்கத்தில் ஒரு எழுத்துப்பிழை கண்ணில் பட்டது.

"நம்ம ஊர்க்காரன் எழுதின மாதிரி தெரியலை" என்றான் டெரெக். "நம்ம ஊர்க்காரன் எவனும் இப்படி வெளிப்படையா எழுதமாட்டான்."

"எழுதமாட்டான்."

"நீங்க சொல்லுங்க. உங்க அளவுக்கு நாக்கு இந்த ஊர்ல யாருக்கு இருக்கு? ஒரு குறைன்னா எதுவா இருக்கும்? உண்மையா சொல்லணும்."

இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. பெர்னார்ட் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "குறைன்னு இல்லை. ஒருவேளை... பொரிக்கிற கொழுப்புல சூடு கொஞ்சம் பத்தலையோ என்னவோ. முன்னெல்லாம் மாவு நல்லா மொறுமொறுன்னு உடையும்."

"முன்னெல்லாமா?" டெரெக் குழம்பினான். "அப்பா எழுதிவெச்ச அளவுதான் பெர்னார்ட் இன்னைக்கும். அதே சூடு, அதே மாவு. ஒரு சிட்டிகை மாத்தலை."

எல்லாம் தெரிந்தவர் புன்னகைப்பதுபோல் பெர்னார்ட் புன்னகைத்தார். அந்தப் புன்னகை டெரெக்கைத் தூங்கவிடாமல் செய்துவிட்டது.

மறுவாரம் சூட்டை ஏற்றினான். ஹாடக் வெளியே கறுத்து, உள்ளே வேகாமல் வந்தது. பெர்னார்ட் ஒரு துண்டைத் துறைமுகச் சுவரில் வைத்துப் பார்த்தார். சுற்றுலாப் பயணிகளின் வாயருகிலிருந்தே மீனைப் பிடுங்கிச் செல்லும் கடற்காகம் ஒன்று இறங்கிவந்தது. தலையை ஒருபக்கம் சாய்த்துப் பார்த்தது. பிறகு நடந்தே போய்விட்டது.

"சூடு சரியாயிடுச்சு" என்றார் அவர் டெரெக்கிடம், மனம் கேளாமல். "மாவுதான் கொஞ்சம் கனமோ?"

மாவில் தண்ணீர் சேர்த்தான் டெரெக். மீன் ஒருபக்கமும் மாவு ஒருபக்கமுமாகப் பிரிந்து மிதந்தன. "மீனுக்குச் சட்டை போட மறந்துட்டியா டெரெக்?" என்று வரிசையில் நின்ற ஒரு அம்மாள் கேட்டாள். அப்பா காலத்திலிருந்து உருளைக்கிழங்கு கொடுத்துவந்த விவசாயியை மாற்றினான். புதுக் கிழங்கின் சிப்ஸ் சாம்பல் நிறத்தில் துவண்டு கிடந்தது. பழைய விவசாயி கோபித்துக்கொண்டு, டெரெக்குடன் இருந்த கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைப் போக்குவரத்தை நிறுத்துவதாகச் சொல்லியனுப்பினார்.

நான்கு பேர் இரண்டானார்கள். மழை பெய்தபோதும் யாரும் ஒதுங்க வரவில்லை.

பத்தாவது வெள்ளிக்கிழமை, கடைக் கண்ணாடியில் ஒரு அட்டை தொங்கியது. 'விற்பனைக்கு.'

பெர்னார்ட் பொட்டலம் இல்லாமல் வீடு திரும்பினார்.

"கைபேசிக்கு உறை விக்கிற ஒருத்தன் விலை கேட்டிருக்கானாம்" என்றார், கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து. "டெரெக் சொல்றான், 'அப்பா கையில இருந்தது என் கையில இல்லை போலிருக்கு பெர்னார்ட், அவர் போன இந்த இருபத்திரண்டு வருஷமா யாரும் என்கிட்ட சொல்லலை'ங்கிறான்."

மேவிஸின் முகம் வெளுத்துவிட்டது. "நம்ம கடையையா விக்கிறான்?"

"நம்ம கடையைத்தான்."

"நீ அந்தக் கடிதாசை எழுதாம இருந்திருந்தா..."

"உண்மையைத்தானே எழுதினேன்!"

"பெர்னார்ட், நீ இத்தனை வருஷமா சாப்பிட்ட அந்த மீன் இருக்கே..." என்று ஆரம்பித்தாள் மேவிஸ்.

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார் அவர். "அந்தச் சுவருமேல உட்கார்ந்தோமே, ஞாபகம் இருக்கா? ரயில் நிலையத்தை மூடினாங்க. சினிமாக் கொட்டகையை இடிச்சாங்க. எனக்கு முடி போச்சு, உனக்கு முழங்கால் போச்சு. ஆனா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முதல் வாய் வெச்சதும் நெனச்சுக்குவேன், இது ஒண்ணு மட்டும் அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்குன்னு."

மேவிஸ் தேநீர்க் கெண்டியை எடுத்தாள். கோப்பையில் ஏற்கெனவே தேநீர் நிறைந்திருந்தது. அதன்மேலேயே இன்னும் ஊற்றினாள்.

மறுநாள் காலை பெர்னார்ட் கடைக்குப் போய் உண்மையை ஒப்புக்கொண்டார். கடிதம் எழுதியது தான்தான் என்றார். டெரெக் கோபப்படுவான் என்று தயாராகத்தான் போயிருந்தார். டெரெக் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"அப்ப நெஜமாவே நல்லா இருந்துச்சா? முன்னாடி?"

"போன பிப்ரவரி வரைக்கும் நல்லா இருந்துச்சு டெரெக்."

"எப்படி இருக்கும்? சொல்லுங்க."

பெர்னார்ட் சொன்னார். சிக்னல் பெட்டியில் இரவு முழுக்கத் தனியாக உட்கார்ந்து பழகியவர் அவர். அதிகம் பேசத் தெரியாதவர். அன்று பேசினார். மேல்மாவு முட்டையோடு மாதிரி மெல்லிசாக இருக்கும், முள்கரண்டி பட்டதும் உடையும், உள்ளே மீன் இதழிதழாகப் பிரியும், கடைசியில் நாக்கு ஓரத்தில் மிளகு லேசாகத் தட்டும் என்றார். டெரெக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அப்பா மிளகு போட்ட மாதிரி எனக்கு ஞாபகமே இல்லையே!"

"கைப்பக்குவம் எழுதிவெச்சா வருமா?"

டெரெக் ஒரு எண்ணைத் தேடி எடுத்தான். பிறகு மீன் மொத்த வியாபாரிக்குப் போன் செய்தான். அவர் ஒரு ஆளைச் சொன்னார். வெளியூரில் நாற்பது வருடமாக மீன் பொரிக்கும் அம்மாளாம். கைப்பக்குவம் என்றால் அதுதானாம். கெஞ்சிக் கேட்டால், ஒரு வெள்ளிக்கிழமை தன் கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டு வந்து சொல்லிக்கொடுப்பாளாம். பதிமூன்றாவது வெள்ளிக்கிழமைக்கு நாள் குறித்தார்கள். அன்றைக்கும் ருசி திரும்பாவிட்டால் திங்கட்கிழமை கைபேசி உறைக்காரனிடம் கையெழுத்து.

"யாரோ ஒரு வெளியூர் அம்மாவாம்" என்று பெர்னார்ட் வீட்டில் வந்து சொன்னார். "பாவம், கடைசி முயற்சி."

மேவிஸ் தன் கைத்தடியை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டாள். "நானும் வர்றேன்" என்றாள். "நடக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டார். நீ முன்னாடி போ. மெதுவா வர்றேன். டெரெக்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்."

"ஆறுதலா ரெண்டு வார்த்தையாப் பேசு" என்றார் பெர்னார்ட்.

அந்த வெள்ளிக்கிழமை கடையில் கூட்டம் இருந்தது. கடைசித் தடவையாக இருக்கலாம் என்று தெரிந்ததும் ஊரே வந்துவிட்டது. வரிசை தேவாலயப் படியைத் தொடவில்லை. ஆனாலும் அந்தத் திசையில் நீண்டிருந்தது.

சட்டிகளுக்கு முன்னால் முழங்கைவரை சட்டையை மடித்துவிட்ட ஒரு பருத்த அம்மாள் நின்றிருந்தாள். பெயர் பெரில். டெரெக் அவள் பக்கத்தில் நோட்டுப்புத்தகமும் பென்சிலுமாக, பரீட்சை எழுத வந்தவன்போல் நின்றான்.

"ஓரமா நில்லு கண்ணு, கொழுப்பு தெறிக்கும்" என்று அவனை இடுப்பால் தள்ளினாள் பெரில். "மாவு குளுந்து இருக்கணும், கொழுப்பு கொதிக்கணும். ரெண்டும் சந்திக்கிறப்ப சத்தம் கேக்கணும். கேக்குதா? அதை எழுதிக்கோ."

"சத்தத்தை எப்படி எழுதுறது?"

"அப்ப எழுதாதே. கேளு."

முதல் ஹாடக் வெளியே வந்தது. டெரெக் அதைத் தட்டில் வைத்து, இரண்டு கையாலும் ஏந்திப் பெர்னார்டிடம் கொண்டுவந்தான். கடை முழுக்க அமைதி. பெர்னார்ட் மர முள்கரண்டியைக் குத்தினார்.

மொறுக்.

ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. வரிசையில் நின்றவர்கள் மரியாதையாக வேறுபக்கம் பார்த்தார்கள்.

"இதுதான்" என்றார் பெர்னார்ட். பிறகு, வாழ்நாளில் முதல்முறையாக, பொது இடத்தில் குரலை உயர்த்தினார். "இதுதான் டெரெக்! இதுதான் லாக்வுட் மீன்! இருபத்திரண்டு வருஷமா வெள்ளிக்கிழமை தவறாம நான் சாப்பிட்டது இந்த மீனைத்தான்! மிளகு உட்பட!"

இரண்டு பேர் கைதட்டினார்கள். தட்டியதற்கு வெட்கப்பட்டு உடனே நிறுத்தினார்கள். டெரெக் நோட்டுப்புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டான். "அப்பா..." என்று மட்டும் சொல்ல முடிந்தது அவனால். பிறகு கண்ணாடியில் தொங்கிய அட்டையைப் பிய்த்து எடுத்தான்.

பெரில் நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, ஒன்றும் புரியாமல் பெர்னார்டைப் பார்த்தாள். "இது எங்க அம்மா சொல்லிக்கொடுத்த மாவு, கண்ணு. எங்க ஊர் தோர்ப்பியைத் தாண்டி வெளிய போனதே இல்லையே."

"உங்களுக்குத் தெரியாதும்மா" என்றார் பெர்னார்ட் கனிவுடன். "இது ஹேரல்ட் லாக்வுட்டோட கை. நாக்கு பொய் சொல்லாது."

அப்போதுதான் கதவைக் கைத்தடியால் தள்ளிக்கொண்டு மேவிஸ் உள்ளே வந்தாள். சட்டிகளுக்கு முன்னால் நிற்பது யார் என்று பார்த்தாள். உடனே வந்த வழியே திரும்பிப் போகப் பார்த்தாள். ஆனால் புது முழங்காலை வைத்துக்கொண்டு திரும்ப நேரம் பிடித்தது. அதற்குள் பெரில் கரண்டியைத் தூக்கிக் காட்டி, கடை அதிரச் சத்தம் போட்டாள்.

"அடியே மேவிஸ் கண்ணு, உயிரோடதான் இருக்கியா! பன்னெண்டு வெள்ளிக்கிழமையா உன்னோட ரெண்டு ஹாடக்கைத் துண்டு சுத்தித் தயாரா வெச்சுக்கிட்டு, அஞ்சே முக்கால் ஸ்கெல்பி பஸ் போற வரைக்கும் எங்க கடை வாசலையே பார்த்துக்கிட்டு நிக்கிறேன்!"